ஸ்ட்ரிப்பிங் என்றால் சாயம் உரிப்பது என்று நினைத்தேன்

என் மகன் வெளிநாட்டில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிறான். என்ன வேலை என்று போனில் கேட்டபோது, "ஸ்ட்ரிப்பிங் பண்றோம்மா" என்றான். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. நான் வெகுகாலம் சாயப்பட்டறையில் இருந்தவள். ஷேடு தப்பிய துணியை மருந்து போட்டுக் கொதிக்கவிட்டு, ஏறிய சாயத்தை உரித்தெடுப்போம். அதற்குப் பெயர் ஸ்ட்ரிப்பிங். எண்ணெயிலும் நிறத்தை எடுப்பார்கள் போல என்று இருந்துவிட்டேன்.

"மூக்குல துணி கட்டிக்க சாமி, அந்த நெடி நெஞ்சுக்கு ஆகாது" என்பேன்.

"செரிம்மா, கட்டிக்கறேன்" என்பான். வருசக்கணக்காக இதே பேச்சு.

போன முறை லீவில் வந்திருந்தபோது, கூட வேலை செய்யும் பல்லடத்துக்காரர் ஒருவர் சாப்பிட வந்தார். வெளியாள் முன்னால் நான் வாய் திறக்க மாட்டேன். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்க பையன் நிதானத்துலதானுங்கம்மா அன்னைக்குப் பொழச்சோம்" என்றார் அவர். "கெணத்துல கேஸ் ஏறிருச்சு. வாயை மூடியாச்சு. பைப்பு பாதியில நிக்குது. அடி வரைக்கும் போனாத்தான் கேஸை ஒழுங்கா வெளியேத்த முடியும். மூடுன வாயில இருக்கற ரப்பர் வளையம் பைப்பைச் சுத்திக் கவ்விட்டிருக்க, அதுக்குள்ளயே மெல்ல மெல்ல எறக்கினோமுங்க. ஸ்ட்ரிப்பிங்னா சும்மாவா?"

"கீழருந்து கேஸ் முட்டிட்டு இருக்கறப்பவா?" நான்தான் கேட்டேன்.

"ஆமாங்க."

"அந்த ரப்பர் தேஞ்சு போச்சுன்னா?"

அவர் மகனைப் பார்த்தார். மகன் இலையைப் பார்த்தான். "ரசம் ஆறுதுங்க அத்தை" என்றாள் மருமகள். ஓகோ, இவளுக்கும் தெரியும்.

"ஏன்டா, துணி கட்டிக்கன்னு நான் சொல்றப்பெல்லாம் போனை வெச்சுட்டுச் சிரிப்பீங்களா?"

"சிரிக்கலம்மா. நீயாத்தான் சாயம்னு நெனச்சுக்கிட்டே. நீ பயந்துக்குவேன்னு வுட்டுட்டேன்."

நானாக நினைத்துக்கொண்டேனாம்! அஞ்சாவதோடு நின்றவளிடம் எதையும் சொல்லிச் சமாளிக்கலாம் என்பதுதானே? பட்டறையில் மேஸ்திரியும் இப்படித்தான், "ஒண்ணும் ஆகாது, கையை வுடுங்க" என்பார். விரல் தோல் உரிந்த பிறகுதான் தொட்டியில் என்ன கலந்தார்கள் என்று சொன்னார்கள். அதையே இப்போது பெற்ற பிள்ளையும் செய்திருக்கிறான்.

"போறதுன்னா போ. தடுக்க மாட்டேன். ஆனா அந்த வேலைக்கு ஏறுற அன்னைக்கு, இன்ன வேலைன்னு சொல்லிப்போட்டு ஏறு" என்றேன். விருந்தாளி எதிரிலேயே சொன்னேன்.

போனான். நேற்று மத்தியானம் போன் வந்தது.

"அம்மா, கெணறு மூடியிருக்குது. அழுத்தத்தோட பைப்பு எறக்கப்போறோம்."

"ரப்பர்?"

"புதுசு மாத்தியாச்சும்மா."

"இது நெசமா, எனக்காகச் சொல்றியா?"

"நெசம்மா."

எப்படி நம்புவது? நம்பும்படியாக எதை விட்டுவைத்தான்?

"பல்லடத்துக்காரர்கிட்டக் குடு."

"அவரு வேலைக்குக் கெளம்பறாரும்மா..."

"குடுன்னா குடு."

கொடுத்தான்.

"புதுசுதானுங்கம்மா. நானே நின்னு பார்த்தேன்" என்றார் அவர்.

அதன் பிறகுதான் மகனிடம், "போய்ட்டு வா" என்றேன். எப்போதும் போல் சாமி என்று சொல்லவில்லை.