லென்ஸ் மேல் போட்ட பழி

அழைப்பு வந்தபோது மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். மேற்குத் தாம்பரத்தில் கேமரா வாடகைக்கு விடும் தன் சின்னக் கடையில் அஃப்தாப் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தான். பேசியது ஸ்டெபின், ஜெபராஜின் மைத்துனன். ஜெபராஜ் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான் என்றான். கல்லீரல் வேலை செய்வதை நிறுத்திவிட்டதாம். இரண்டு வாரம் முன்னால் கூட்டி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அடுத்து ஸ்டெபின் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். நாளைக் காலை அடக்கம். அதற்குள் பேனர் அடிக்க வேண்டும். மாமாவின் படம் உங்களிடம் நல்லதாக ஏதாவது இருக்குமா?

அஃப்தாப் வாய்க்குள் துஆ சொல்லிக்கொண்டு டப்பாவை மூடினான்.

இருபத்திரண்டு வருடமாக ஊரார் முகங்களை எடுத்தவன் ஜெபராஜ். படப்பையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை எத்தனையோ வீட்டுக் கூடங்களில் அவன் எடுத்த கல்யாணப் படம் தொங்குகிறது. அவன் படம் எங்கேயும் இல்லை. வீட்டு ஆல்பத்தில் மனைவி ரத்தினபாய் இருக்கிறாள், மாமியார் இருக்கிறார், கிறிஸ்துமஸ் மரம்கூட ஆறு கோணத்தில் இருக்கிறது. அவன் எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான்.

அஃப்தாபும் அவனும் கல்லூரியில் பிஸிக்ஸ் ஒன்றாகப் படித்தவர்கள். ஜெபராஜின் கையில் பன்னிரண்டு வருடமாக ஒரே லென்ஸ்தான், ஐம்பது எம்.எம். அதில் ஜூம் கிடையாது. ஆளைப் பெரிதாக்க முன்னால் போக வேண்டும், கூட்டத்தை அடக்கப் பின்னால் வர வேண்டும். ஆக, பின்னால் நடந்தே சம்பாதித்தவன் அவன். ஒருமுறை வரவேற்பு ஒன்றில் அப்படி நடந்துபோய் மாலைத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். எழுந்து, மாப்பிள்ளையைப் பார்த்து, "சார், இன்னொரு வாட்டி சிரிங்க, இப்ப சிரிச்சதுதான் ஒரிஜினல்" என்றான்.

அந்தப் பழைய லென்ஸுக்கு ஒரு குறை, சத்தம். ஃபோகஸ் தேடும்போது கரகரவென்று அலறும். ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஆயர் இரண்டு முறை திரும்பி முறைத்திருக்கிறார். அதே லென்ஸின் புதிய வகை சத்தமே போடாது என்று கேள்விப்பட்டு, அஃப்தாப் வாடகைக்கு விட வாங்கி வைத்திருந்ததை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதென்று இருவரும் முடிவு செய்தார்கள். ஐந்து வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜெபராஜ் நேரே கடைக்கு வந்தான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, "நீ எடு மச்சான், நான் பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்துக்கிறேன்" என்றான்.

முதலில் பழையது. லென்ஸ் கரகரத்ததும், கோழியைப் பிடித்து அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லி ஜெபராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். கண் இடுங்கிப்போனது. ஃபோகஸும் கண்ணை விட்டுக் காதில் போய் நின்று, முகம் மங்கலாக வந்தது. பிறகு புதியது. அது சத்தம் போடவில்லை. படம் எடுத்தாயிற்று என்றே அவனுக்குத் தெரியவில்லை. கண்ணை அகலத் திறந்து, எதையோ யோசித்தபடி உட்கார்ந்திருந்தான்.

இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டு, இமை முடி எண்ணும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கல்யாண ஆல்பம் பண்ணுகிறவர்களின் வழக்கம் அது. முகத்தை அல்ல, கூர்மையைப் பார்ப்பார்கள். ஜெபராஜ் ஒரு தாளில் வரிசையாக எழுதினான். சத்தத்தில் புதியது. ஓரக் கூர்மையிலும் புதியது. நிறம் வந்தபோது பேனா நின்றது.

"மச்சான், இது மஞ்சளா அடிக்குதுடா. கண்ணு வெள்ளையைப் பாரு."

"புது லென்ஸ் கோட்டிங் அப்படி" என்றான் அஃப்தாப். "பழசுல இல்ல பாரு."

ஜெபராஜ் எழுதிக்கொண்டான்: புதுசு, லேசான மஞ்சள்.

இப்போது, மூன்றரை மணிக்கு, அஃப்தாப் புது லென்ஸில் எடுத்த அந்தப் படத்தைத் திறந்தான். கூர்மையான படம், நேர்ப் பார்வை, பேனருக்கு ஏற்றது. எத்தனையோ மணப்பெண்களுக்குச் செய்த வேலையைக் கை தானாகச் செய்தது. வலது கண்ணின் மஞ்சளை எடுத்து வெள்ளையாக்கினான். இடது கண்ணுக்கு வந்தபோதுதான் பின்னால் இருந்த சுவர் கண்ணில் பட்டது. சுவர் வெள்ளையாக இருந்தது. நிறத்தை அளந்து பார்த்தான். துளி மஞ்சள் இல்லை. சட்டைக் காலரிலும் இல்லை. லென்ஸ் சரியாகத்தான் எடுத்திருந்தது. மஞ்சள் அவன் கண்ணில்தான் இருந்தது.

நிறத்தில் சந்தேகம் வந்தால் முதலில் சுவரைப் பார் என்று கடைக்கு வரும் எல்லோருக்கும் சொல்கிறவன் அவன்தான்.

லேப்டாப்பை அப்படியே எடுத்துக்கொண்டு சேலையூர் போனான். வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். உடல் இன்னும் வந்து சேரவில்லை. ரத்தினபாய் உள்ளறையில் இருந்தாள். பள்ளி ஆசிரியை. கட்டிலில் திருத்தாத விடைத்தாள்கள் அடுக்கியிருந்தன. பழைய லென்ஸில் எடுத்த படத்தை மட்டும் காட்டலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்து வந்தான். மூடியைத் திறந்ததும் திரையில் நின்றது மற்றது.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இது எப்ப எடுத்தது அண்ணா?"

சொன்னான்.

"ஒரு கண்ணு மட்டும் ஏன் இப்படி இருக்கு?"

எடிட்டிங்கில் வந்த பிசகு என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. நம்பிவிடுவாள்.

"ரெண்டுமே அப்படித்தாம்மா இருந்துச்சு. ஒண்ண நான் மாத்திட்டேன்" என்றான். "அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் பாத்தோம். லென்ஸ்தான் மஞ்சளா எடுக்குதுன்னு நெனச்சோம்."

வெளியே யாரோ நாற்காலிகளைப் பிரித்துப் போடும் சத்தம் கேட்டது. அவள் அழவில்லை.

"நீங்களாவது பாத்தீங்க" என்றாள். "நான் அந்த மாசம் முழுக்க அவர் மொகத்தையே பாக்கல. சாப்பாடு எறங்கலன்னாரு. கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வந்திருப்பீங்கன்னு திட்டினேன்."

பழைய லென்ஸில் எடுத்ததையும் காட்டினான். பேனருக்கு அதையே போடச் சொன்னாள். சிரிக்கிற படம், அது போதும் என்றாள். பேனர் கடை கிட்டு போனில் அவசரப்படுத்தினான். படத்தை அனுப்பியதும் உடனே கூப்பிட்டு, "சார், மொகம் அவுட்டா கீதே, ஷார்ப்பா வேற இல்லியா?" என்று கேட்டான். இல்லை என்றான் அஃப்தாப்.

கிளம்பும்போது ரத்தினபாய் வாசல்வரை வந்தாள். வீட்டில் மாட்ட அந்த இன்னொரு படம் வேண்டும் என்றாள். "அதுல என்னைப் பாக்குற மாதிரி இருக்கு. இன்னொரு கண்ணையும் சரி பண்ணிக் குடுங்கண்ணா."

சரி என்றான். சட்டத்துக்கு அளவும் எடுத்துக்கொண்டான்.

ஏழு வாரம் ஆகிறது. பத்து நிமிட வேலை. வலது கண் முடிந்தது. இடது கண் இன்னும் செய்யவில்லை.