வெறுமையாக விடச் சொன்ன கட்டம்

அச்சுக்கடைக் கவுன்டரில் நின்று பழகியவர்களே, உங்களுக்குத் தெரியும்: எங்கள் சனம் பாதி எழுதிய தாளோடுதான் வரும், மீதி நம் தலையில். பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனத்தின் கடைவீதியான லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் உள்ள ஒரு கடையில், பல்கலைக்கழக வகுப்பு இல்லாத நாட்களில் அந்த மீதியை எழுதுகிறவள் நான்.

மிச்சம்

புறநகரான பொண்டியிலிருந்து ஓர் ஐயா, மனைவியின் நினைவு மலர் அடிக்க வந்தார். தாளில் பெயரும் தேதியும் மட்டும். "மிச்சத்தை நீரே போடும், பிள்ளை" என்றார். அன்பு, பொறுமை, விருந்தோம்பல் என்று ஒரு பக்கம் நிரப்பிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "மனுசி உயிரோட இருக்கேக்கை இதில ஒண்டையும் நான் சொல்லேல்லை."

மூன்று வாரம்

யாயெல் இஸ்ரேல்காரி, சமீர் பாலஸ்தீனன்; இருவரும் என் பல்கலைக்கழகம். சமாதானம் ஏன் வரவில்லை என்று சேர்ந்து ஒரு கூட்டம் வைக்கத் துண்டுப்பிரசுரம் அடிக்க வந்தார்கள். எல்லை, குடியேற்றங்கள், ஜெருசலேம், பாதுகாப்பு: ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், இருவரும் ஒப்புக்கொண்ட இரண்டு வரி. அதற்கும் கவுன்டரிலேயே சண்டை. "குடியேற்றம் பெருகிக்கொண்டே போனால் எங்களுக்கு மிஞ்சுவது எந்த நிலம்?" என்றான் அவன். "விட்டுப் போன இடத்திலிருந்து ராக்கெட் வராதென்று யார் பொறுப்பு?" என்றாள் அவள். பிறகு ஒரு கோப்பியை இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

'அகதிகள் திரும்புதல்' என்ற கட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை. சர்வதேசச் சட்டம் படிக்கிறவள், விடுவேனா? "இது கோழைத்தனம்" என்றேன். யாயெல் கோபிக்கவில்லை. "மற்றதையெல்லாம் ஒரு வாரத்தில் எழுதிவிட்டோம். இதை வெறுமையாக விட ஒப்புக்கொள்ளத்தான் மூன்று வாரம் பிடித்தது."

என் வரி

அவர்கள் போனதும் அந்தக் கட்டத்தை நிரப்பினேன். கைப்பழக்கம் என்று சொல்லித் தப்பலாம், பொய். நியாயம் என் பக்கம் என்ற திமிர். 'திரும்பும் உரிமை பேரம் பேசுவதற்கு உரியதல்ல' என்று போட்டு, அவர்களுக்கு அச்சு மாதிரி காட்டாமலே இருநூறு பிரதி அடித்தேன். சமீர் நன்றி சொல்வான் என்றுகூட நினைத்தேன். அவர்கள் கட்டைப் பிரிக்காமலே கொண்டுபோய் விநியோகித்துவிட்டார்கள்.

யாயெலின் நண்பர்கள் வர மறுத்தார்கள். வரியை நீக்கினால் சமீரை அவன் ஆட்களே துரோகி என்பார்கள். அவன்தான் இரகசியமாக எழுதவைத்தான் என்று யாயெல் நம்பினாள். நான் போய் உண்மையைச் சொன்னபோது கூட்டமே நின்றுபோயிருந்தது. சமீர் கடைக்குத் தனியாக வந்தான். "அந்த வரியை நானும் நம்புகிறேன். அதை அவளுக்கு நேரே சொல்ல எனக்கு ஒரு கூட்டம் இருந்தது."

அண்ணையின் தீர்ப்பு

வெட்கம் வந்தால் எனக்கு வாய் கூடும். "சட்டப்படி நான் எழுதினது சரிதானே, அண்ணை?" என்று கடைக்கார அண்ணையோடு மல்லுக்கு நின்றேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை. "ஓம், சரி. ஆனா நீ அதை அவையின்ரை பேரிலயெல்லோ அடிச்சனீ."

'சமாதானத்துக்கான தடைகள்' என்று அந்தப் பருவத்தில் நான் கொடுத்த கட்டுரையில் ஏழு தடைகள் இருந்தன, நான் இல்லை. அதற்கும் நல்ல மதிப்பெண் போட்டார்கள்.