கைலாசத்தில் எரிந்த அடுப்பு

எழுபதுகளோட நடுவுல, இலங்கையில பசறைக்குப் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல நான் கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்த காலம். லயம்னா தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீடுங்க. எங்க லயத்துக் கடைசி வீட்டு அக்காவோட புருஷன் படம் வரையறவர். திருவிழா நாடகத்துக்கு மாவு மூட்டைத் துணியைத் தைச்சு, அதுல அவர்தான் திரை எழுதுவார். அருவி, அரண்மனைத் தோட்டம், கைலாசம்னு எதை எழுதினாலும் எங்க ஊர்ப் பக்கத்து இடமாத்தான் இருக்கும். கைலாசம்னா அசல் நமுனுகுல மலையேதான்! ஆனா அடிவாரத்துல கோடு மாதிரி ஒரு புகை போகும். "கைலாசத்துல யாருண்ணே அடுப்பெரிக்கிறது?"ன்னு கேலி பண்ணுவோம். மனுசன் சிரிச்சுக்கிட்டே போயிருவார்.

அக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் லீவு. அன்னிக்கும் அவர் பென்சிலைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிருவார். "நான் ஒருத்தி இங்க அடுப்புல வேகுறேன், அவருக்குக் கல்லும் மரமும்தான் பொண்டாட்டி"ன்னு பொருமுவாங்க. காய்ச்சல்ல அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோவம் தீரல.

அப்புறம், ரெண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அக்கா குடும்பத்துக்கு இந்தியா போக உத்தரவு வந்துச்சு. கிளம்புறதுக்கு முந்தின ஞாயிறு, அவரோட கூட்டாளி, மத்தளம் அடிக்கிற அண்ணன்கிட்ட அக்கா போய் நின்னாங்க. "என்னைய விட்டுட்டு அவர் எங்கதான் போனாரு? காட்டுங்கண்ணே. தெரியாம நான் கப்பலேற மாட்டேன்."

துணைக்கு நானும் போனேன். அண்ணன் காட்டின அரண்மனைத் தோட்டம், தொரை பங்களாவுக்குப் பின்னால நின்ன நாலு பூச்செடி. அருவியோ, நாங்க தினம் தண்ணி பிடிக்கிற பீலிக் குழாய்! எனக்குச் சிரிப்புத் தாங்கல. அக்கா மூஞ்சி மட்டும் கடுகடுன்னே இருந்துச்சு.

கடைசியா ஒரு பாறையில ஏத்தினார். "இங்கதான் ரொம்ப நேரம் உக்காந்திருப்பான்." எதிர்ல மலையே தெரியல, ஒரே பனி மூட்டம். "இதைப் பாக்கவா வந்தாரு?"ன்னு அக்கா திரும்பிட்டாங்க. அப்பத்தான் மூட்டம் கொஞ்சம் விலகுச்சு. நமுனுகுலைக்குக் கீழ எங்க லயம். கடைசி வீட்டுக் கூரையில, திரையில பாத்த அதே மாதிரி, கோடா ஒரு புகை. அக்கா மக சோறாக்கிக்கிட்டிருந்தா.

அக்கா அப்படியே உக்காந்துட்டாங்க. "அடப்பாவி மனுசா, என் அடுப்பையா பாத்துக்கிட்டிருந்த?"ன்னு கேட்டு அழுதாங்க பாருங்க, அண்ணனும் நானும் சேர்ந்து அழுதுட்டோம்.

பதுளை ஸ்டேசன்ல ரயிலேறும்போது அக்கா எங்க கையப் பிடிச்சுக்கிட்டு, "அந்தத் திரையைப் புதுசா எழுதினா, புகையை விட்டுறாதீங்க"ன்னாங்க.

இன்னிக்கும் யார்மேலயாவது, நம்மள நெனைக்கவே மாட்டேங்கிறாங்களேன்னு எனக்கு மனத்தாங்கல் வந்தா, அவங்க எந்தப் பாறையில உக்காந்து நம்ம வீட்டைப் பாத்துக்கிட்டிருக்காங்களோன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாத்துக்கிறேன்.