பேரத்தோடு வந்த தங்கமீன்

செலவைக் குறைக்கலாமென்று இன்று வேங்கிக்காலில் ஒரு டெய்லர் பாய் வீட்டுக்குப் பழைய மீன்தொட்டி வாங்கப் போனேன். ஃபில்டரோடு சேர்த்து ஆயிரத்து இருநூறு என்று ஆன்லைனில் போட்டிருந்தார்.

"ஜாஸ்தியா இருக்கே பாய்" என்றேன்.

"நீங்க குடுக்கறத குடுங்க. ஆனா மீனையும் எடுத்துக்கணும்."

தொட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தங்கமீன் இருந்தது.

"பொண்ணு கொழந்தையோட வருது. தூளி கட்ட இந்த எடத்த வுட்டா வேற இல்ல" என்றார்.

எண்ணூறு கொடுத்தேன். மீனைக் கவரில் விட்டுக் கட்டினார். பிறகு அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கட்டினார். நான் ஆட்டோவில் ஏறி உட்காரும்வரை கவரைத் தன் கையிலேயே வைத்திருந்தார்.

"ஃபில்டர் ஸ்பாஞ்ச கொழாத் தண்ணில கழுவாதீங்க. தீனி போடறப்ப ரெண்டு வார்த்த பேசுங்க, அப்பதான் சாப்புடும்."

வீடு வந்து தொட்டியை நிரப்பி முடிப்பதற்குள் மூன்று முறை போன் செய்துவிட்டார். மூன்றாவது முறை, "சனிக்கிழம உங்க பக்கம் ஒரு வேல இருக்கு. ஒரு எட்டு வந்து பாக்கட்டுமா?" என்றார்.

எங்கள் தெருவில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. "வாங்க பாய், டீ சாப்பிடலாம்" என்றேன்.

பேரத்தில் ஜெயித்தது நான்தான் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.