கப்பலில் அப்பா மாற்றிய நூறு டாலர்

சின்னமனூரில் உரக்கடை வைத்திருப்பவருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால், பூச்சிமருந்துதான் என்று சொல்வேன். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த வருஷம், நெல் குருத்துப்பூச்சிக்கு அடிக்கும் ஒரு மருந்தை அப்பா மாவட்டத்திலேயே அதிகமாக விற்றுவிட்டார். செல்போன் எங்கள் ஊருக்கு அப்போதுதான் வந்திருந்தது. அதில் வந்த முதல் நல்ல செய்தியே இதுதான். கம்பெனிக்காரர்கள் டீலர்களை மனைவியோடு சிங்கப்பூருக்கு அழைத்துப்போய், அங்கிருந்து மூன்று நாள் கப்பலில் சுற்றிக் காட்டப் போகிறார்கள். என் பெயர் பட்டியலில் இல்லை. என்னை யார் வீட்டில் விடுவது என்று ஒரு வாரம் யோசித்துவிட்டு, கடைசியில் அப்பா கைக்காசைப் போட்டு எனக்கும் டிக்கெட் எடுத்தார். அந்தப் போகத்தில் செத்த பூச்சிகள் எல்லாம் எனக்குக் கடல் காட்டுவதற்காகவே செத்தன என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதுவரை எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் வைகை அணைதான். சிங்கப்பூர் துறைமுகத்தில் இறங்கியதும் எதிரே வெள்ளையாக, மாடி மாடியாக ஒரு கட்டடம் நின்றது. நான் அதை ஓட்டல் என்று நினைத்து, "கப்பல் எப்பப்பா வரும்?" என்று கேட்டேன். அப்பா அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அவருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும்.

உள்ளே போன பிறகு மூன்று பேரும் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நடந்தோம். லிஃப்ட் கண்ணாடியில் செய்திருந்தது. மொட்டைமாடியில் நீச்சல்குளம் இருந்தது. இத்தனை தண்ணீருக்கு மேலே எதற்கு இன்னொரு தொட்டி என்று அம்மா கேட்டாள். சாப்பாட்டுக் கூடத்தில் தர்பூசணியை அன்னப்பறவையாகச் செதுக்கி வைத்திருந்தார்கள். அதை உடைத்துச் சாப்பிட யாருக்கும் மனம் வராது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்காரர் கழுத்தை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார். நான் வாயைப் பிளந்துகொண்டு நடந்ததில், முதல் நாள் மட்டும் இரண்டு கண்ணாடிக் கதவுகளில் முட்டிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிய அதிசயம் அப்பாவிடம் கொடுத்திருந்த அட்டைதான். அறைக்குச் சாவியும் அதுதான், பணப்பையும் அதுதான். கம்பெனி ஒவ்வொரு டீலருக்கும் அந்த அட்டையில் நூறு சிங்கப்பூர் டாலர் போட்டு வைத்திருந்தது. அது கையில் எடுக்க முடியாத பணம். கப்பலுக்குள் எதை வாங்கினாலும் அட்டையை உரசினால் அதிலிருந்து கழியும். பயணம் முடிந்து இறங்கும்போது மிச்சம் இருந்தால், ரேஷன் கடையில் அந்த மாதம் வாங்காமல் விட்ட சர்க்கரை மாதிரி, போனது போனதுதான்.

விட்டுவிடும் ஆளா அப்பா? ஆனால் அதைச் செலவழிப்பதும் அவரால் முடியவில்லை. சாப்பாடு இலவசம். அது போதாதென்று அம்மா புளிச்சோறும் பருப்புப்பொடியும் கட்டி எடுத்து வந்திருந்தாள். மற்றபடி கப்பலில் விற்ற எல்லாவற்றையும் அப்பா மனசுக்குள் யூரியாவாக மாற்றிப் பார்த்தார். ஒரு காப்பி அரை மூட்டை யூரியா. ஒரு தொப்பி மூன்று மூட்டை. கப்பல் படம் போட்ட சாவிக்கொத்து ஒரு மூட்டைக்கு மேலே. விலையைக் கேட்டுவிட்டு, எடுத்த பொருளைச் சூடு பட்டவர்போல் திரும்ப வைப்பார். முதல் நாள் முடியும்போது அட்டையில் நூறு டாலரும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, நாங்கள் இட்லி கிடைக்காத ஏக்கத்தில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது, ஆண்டிபட்டி டீலர் ஒருவர் அப்பாவிடம் வந்து குனிந்து பேசினார்.

"அண்ணே, காசாக் கேட்டா தர மாட்டாக. ஆனா அங்கன சீட்டு ரூம்ல கார்டக் குடுத்தா காசுக்குப் பதிலா ஆடுறதுக்குப் பிளாஸ்டிக் வில்லை தர்றாக. அந்த வில்லைய அப்பிடியே திருப்பிக் குடுத்தா நோட்டா எண்ணித் தர்றாக. நான் மாத்திட்டேன்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏலக்காய்க்குப் போடியில் ஒரு விலை, குமுளியில் ஒரு விலை என்று கேட்டு வளர்ந்தவருக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாளைக்குக் கப்பல் பினாங்கில் நிற்கும். அது மலேசியா. அங்கே ஒரு சிங்கப்பூர் டாலருக்கு இரண்டு ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும். கப்பல் கவுண்டரில் மாற்றினால் குறைத்துத் தருவார்கள், கடைத்தெருவில் நம்மூர்க்காரர்களே வைத்திருக்கும் கடைகளில் நல்ல ரேட். கப்பலில் ஒரு தொப்பி வாங்கும் காசில் அங்கே குடும்பத்துக்கே துணி எடுக்கலாம். அப்பா இதையெல்லாம் கை துடைக்கும் காகிதத்தில் எழுதி அம்மாவிடம் காட்டினார். அட்டைக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று வில்லையாகி, நோட்டாகி, கடல் தாண்டி இரண்டு மடங்காவதை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அம்மா காகிதத்தைப் பார்க்கவில்லை. "சீட்டு ரூமா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் நடக்கப் பழகிய காலத்தில் அப்பா ராத்திரி பகல் பாராமல் சீட்டாடியவர். முல்லையாற்றங்கரையில் எங்களுக்கு இருந்த தென்னந்தோப்பு சீட்டில்தான் போனது. அம்மாவின் வளையல்களும் அதே வழியில் போயின. தோப்பு கைமாறிய மறுநாள் சனிக்கிழமை. அம்மா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவைக் குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துப்போனாள். அங்கே கற்பூரத்தை அணைத்து, இனிமேல் சீட்டைத் தொடுவதில்லை என்று அப்பா சத்தியம் செய்தார். அதன் பிறகுதான் உரக்கடை வந்தது. இந்தக் கதை எனக்கு மனப்பாடம். கதையில் எனக்குப் பிடித்தது, கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மூன்று பேரும் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வந்தோம் என்பது. நான் நடக்கவில்லை, அம்மா தோளில் தூங்கினேன் என்பார்கள்.

"ஆடவா போறேன்? சும்மா வாங்கி, சும்மா மாத்திட்டு வந்துர்றேன்," என்றார் அப்பா.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தானோ என்னவோ, அம்மாவால் மறுத்துப் பேச முடியவில்லை. அறைக்கு வந்ததும் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துத் தலை சீவ ஆரம்பித்தாள். காலையில்தான் ஒருமுறை சீவியிருந்தாள். எண்ணெய் தொட்டு, நடுவகிடு எடுத்து, இரட்டைச் சடை பின்னி மடித்துச் சிவப்பு ரிப்பன் கட்டினாள். கண்ணோரம் இழுக்கும் அளவுக்கு இறுக்கம். பிறகு தோளைப் பிடித்துத் திருப்பி, "அப்பா பின்னாடியே போ. உள்ள விட மாட்டாக. வாசல்ல நில்லு. அவுக கண்ணுல படுற மாதிரி நில்லு. வெளிய வர்ற வரைக்கும் அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாது," என்றாள்.

எனக்கு இது பெரிய பதவியாக இருந்தது. பணத்துக்குக் காவல் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.

சீட்டு ரூமுக்குக் கதவு கிடையாது. இரண்டு பித்தளைக் கம்பங்களுக்கு நடுவே தடித்த சிவப்புக் கயிறு. அதைக் காத்து நின்ற நேபாளக் காவலாளி, அப்பாவை உள்ளே விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி தரையைக் காட்டினார். அங்கே கம்பளத்தின் நிறம் மாறியது. அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளே ஜன்னலே இல்லை. வெளியே பகல் வெயில் கொளுத்துகிறது என்பதோ, நாங்கள் கடலில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதோ அங்கே யாருக்கும் தெரியாது. சரவிளக்குகள் வாழைக்குலை மாதிரிக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எங்கே பார்த்தாலும் மணிச்சத்தம். எந்த மணி எந்தச் சாமிக்கு என்றுதான் தெரியவில்லை.

வாசலை ஒட்டிய கூண்டில் அப்பா அட்டையை நீட்டினார். கூண்டுக்குள் இருந்த பெண் அதை உரசிவிட்டுப் பத்துப் பச்சை வில்லைகளை அடுக்கித் தள்ளினாள். ஆண்டிபட்டிக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. வில்லை வாங்கும் கூண்டு வாசலில் இருக்கிறது, வில்லையைக் காசாக்கும் கூண்டு அந்தக் கோடியில் இருக்கிறது. நடுவே மேஜைகள். அந்த அறையைக் கட்டியவருக்கு மனுஷர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அப்பா வில்லைகளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நடந்தார். முதல் மேஜையில் ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தாண்டிவிட்டார். அடுத்த மேஜையில் பகடை. அதையும் தாண்டினார். மூன்றாவது மேஜையில் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பெண், ஒரு கட்டுச் சீட்டை எடுத்து ஒரே வீச்சில் பச்சைத் துணியின் மேல் வில்லாக விரித்தாள். அப்பா நின்றார்.

ஒரு பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். அப்பா உட்காரவில்லை, ஆனால் நாற்காலி முதுகில் கையை வைத்தார். இன்னொரு கையில் கட்டைவிரல் வில்லைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிச் சேர்த்தது. அந்தக் கை அப்பாவுடையது என்றே எனக்குத் தோன்றவில்லை. கடையில் மூட்டை தூக்கும் கை அது, இவ்வளவு நளினமாக அது அசைந்து நான் பார்த்ததே இல்லை. அசந்துபோய்ப் பார்த்தேன். வழி மறந்துவிட்டாரோ, எந்தக் கூண்டு என்று தெரியவில்லையோ என்று நினைத்தேன். கூப்பிடலாம் என்றால் அத்தனை பேர் முன்னால் வெட்கம். கையை மட்டும் உயர்த்தி ஆட்டினேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. என் முகத்துக்கு மேலே, தலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ரிப்பன் அவிழ்ந்து தொங்குகிறதாக்கும் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது. இரண்டு சடையையும் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தன. முடி கிளம்பி நிற்கிறதோ என்று உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது நாற்காலி அருகே அப்பா இல்லை. அந்தக் கோடிக் கூண்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தபோது அந்த ஏசியிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு ஐம்பது டாலர் நோட்டுகளை என் கையில் திணித்து, "அம்மாட்ட குடு ஆத்தா," என்றார். அம்மா அறையில் இருப்பாள் என்று நினைத்து ஓடினேன். அவள் பக்கத்து மாடிப்படியிலேயே, முந்தானையை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நோட்டை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. என் கன்னத்தை வழித்து நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். பணம் சம்பாதித்தது அப்பா, திருஷ்டி எனக்கா என்று சிரித்தேன்.

பினாங்கில் எல்லாம் அப்பா எழுதிக் காட்டியபடியே நடந்தது. பணம் மாற்றும் கடைக்காரர் தமிழில் பேசினார். அப்பா மூன்று கடை ஏறி இறங்கி, ரேட்டைக் கேட்டு, கடைசியில் முதல் கடையிலேயே மாற்றினார். எனக்கு ஒரு கவுன், அம்மாவுக்கு ஒரு குடை, வீட்டுக்கு ஒரு ஃபிளாஸ்க் வாங்கியும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில் ஒரு ரிங்கிட் தாளை ஊர் திரும்பிய சனிக்கிழமை அம்மா குச்சனூர் உண்டியலில் போட்டாள். சனீஸ்வரன் அதை எங்கே கொண்டுபோய் மாற்றுவார் என்று நான் கவலைப்பட்டேன்.

அதன் பிறகு பல வருஷம் இந்தக் கதையை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அப்பாவை மந்திரவாதி ஆக்கிவிட்டேன். நான் சொல்லும்போது கடைசியில் வரும் ரிப்பன் கட்டம் சிரிப்புக்காக. கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில், "அங்க போயும் என் சடையத்தான்ப்பா பார்த்தீங்க," என்று அதைச் சொல்லிச் சிரித்தேன். அப்பா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "இனி அதச் சொல்லாத," என்றாள்.

"ஏம்மா? கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுனதத்தான் காப்பாத்திட்டாகளே."

"கற்பூரத்த எங்கடி அணைச்சாக? கோயில் ஆத்தங்கரைக் காத்துல அது முன்னாடியே அணைஞ்சுபோச்சு. மறுபடி பத்த வைக்க இன்னொரு கற்பூர வில்லை இல்ல, வாங்கக் காசும் இல்ல. நீ என் தோள்ல தூங்கிக்கிட்டிருந்த. உன் தலையிலதான் கைய வச்சாக. சீட்டத் தொட்டா எனக்கு இந்தப் பிள்ளை இல்லைன்னாக."

பின்கட்டில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் அப்பா உள்ளே வரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கயிற்றருகே நான் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன்? கால் மணி நேரம் இருக்கும். அப்பா அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அம்மா மாடிப்படியில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் என் தலையில் கையை வைத்து, ரிப்பன் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.