கிச்சுகிச்சு மூட்டிக் கொல்பவள்

மீன் காட்சியகத்தில் கண்ணாடி துடைக்கத்தான் அவள் சேர்ந்தாள். அப்போதிருந்த கடற்கன்னி கர்ப்பமாகி வாலுக்குள் அடங்காமல் போகவே, நீச்சல் தெரிந்த இவளைப் பிடித்துத் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்கள். பதினாறு வருஷமாகிவிட்டது. இப்போது வயது நாற்பத்தேழு. பன்னிரண்டு கிலோ ரப்பர் வால், பக்கவாட்டில் ஜிப். போலிப் பாறைக்குப் பின்னால் ஒரு காற்றுக்குழாய் உண்டு. மூச்சு முட்டினால் முத்துத் தேடுவதுபோலப் பாவலா காட்டி அங்கே போய் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்வாள். பதிவேட்டில் அவள் பதவி இன்னும் 'கண்ணாடி துடைப்பவர்'தான். வீட்டில் அந்த மரியாதைகூடக் கிடையாது. "வாலைக் கழட்டிட்டியா? அப்போ சாப்பாடு போடு" என்பார் பஸ் ஓட்டும் புருஷன்.

கூட்டம் குறையத் தொடங்கியதும், மேனேஜர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். உலகத்து நீர்ப்பிறவிகள் எல்லாம் அதில் இருந்தன. மூழ்கிச் செத்தவர்களின் உயிரைக் கவிழ்த்த ஜாடிக்குள் அடைத்துவைக்கும் ஆற்றுக்கிழவன். உச்சந்தலைக் குழியில் தண்ணீர் வைத்திருக்கும் குட்டிப்பிசாசு. அதற்கு வணக்கம் சொன்னால் பதிலுக்குக் குனிந்து, தண்ணீர் கொட்டிப்போய், வலுவிழந்து நிற்குமாம்.

"மரியாதை தெரிஞ்ச பிசாசு சார். நம்ம ஆபீஸ்ல அப்படி ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

மேனேஜருக்குப் பிடித்தது வேறு: வாலிபர்களைத் தண்ணீருக்குள் இழுத்துக் கிச்சுகிச்சு மூட்டியே கொல்லும் ஆற்றுப்பெண்கள். "நீ ஒரு மாலுமியை அப்படிக் கொல்லணும்மா. ஜனங்க அலறணும்."

மீசை நன்றாக இருந்த ஒரே குற்றத்துக்காக, வாசலில் டிக்கெட் கிழிப்பவர் மாலுமியாக மாட்டிக்கொண்டார்.

"நீச்சல் தெரியுமா அண்ணே?"

"தண்ணியிலயே பொறந்து வளர்ந்தவன்மா நான்."

வேலை போய்விடும் என்ற பயத்தில் அவிழ்த்துவிட்ட புளுகு அது. ஒத்திகை தரையிலேயே நடந்ததால் குட்டு உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சி. மாலுமி தொப்பியோடு பாறையிலிருந்து தொபுக்கடீரென்று விழுந்தார். விலாவில் அவள் விரல் படுவதற்குள் கைகாலை உதறி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கண் பிதுங்கியது. கூட்டம் கைதட்டியது. மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

மனுஷன் நடிக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் உறைத்தது. வாலோடு அவரைத் தூக்க முடியாது. ஜிப்பை இழுத்தாள், பாதியில் சிக்கியது. மறுபடி வெறியோடு இழுத்தாள், வாலே கிழிந்தது. பூப்போட்ட அரைக்கால் சட்டையோடு அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து மேலே கொண்டுவந்து, பாறையில் குப்புறப் போட்டு முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். ஒரு குடம் தண்ணீரைக் கக்கினார்.

"அம்மா, கடற்கன்னிக்கு முட்டி இருக்கு" என்றது முன்வரிசையில் ஒரு பிள்ளை.

மேனேஜர் படியேறி ஓடிவந்தார். "ஜனங்க முன்னாடி வாலைக் கழட்டிட்டியேம்மா. கதையே போச்சு."

"கதைப்படி நடந்திருந்தா இவரு போயிருப்பாரு சார். நாளைக்கு டிக்கெட்டை நீங்க கிழிப்பீங்களா?"



புது வால் தைத்துவர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை, காட்சியகம் திறக்குமுன் தினமும் ஊழியர்களுக்கு அதே தொட்டியில் நீச்சல் கற்றுத்தருவேன் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். நீச்சல் தெரியாதவரைத் தொட்டியில் இறக்கியது வெளியே தெரிந்துவிடுமோ என்ற கிலியில் மேனேஜர் தலையாட்டினார்.

முதல் நாள் டிக்கெட் கிழிப்பவர் ஏணிக்கம்பியை விடவே இல்லை. அவருக்குப் பின்னால் மேனேஜரும் இறங்கினார், இடுப்பில் ஒரு ரப்பர் வளையத்தோடு.

"உங்களுக்குமா சார் தெரியாது?"

"மெல்லப் பேசும்மா."

அவள் வளையத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.