மஸ்கட்டிலிருந்து வந்த குந்திரிக்க எண்ணெய்

என் இடது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கிக் கறுத்த தழும்பு ஒன்று இருக்கிறது. ஆவூரில் யாரைக் கேட்டாலும் கஞ்சி வடிக்கும்போது கொட்டியது என்பார்கள். நான் பரப்பிய கதைதான். லீவில் வந்திருந்த என் வீட்டுக்காரர், சர்க்கரை பத்தவில்லை என்று சுடச்சுட டீயை விசிறியடித்த இடம் அது.

மஸ்கட்டுக்குத் திரும்பியவர், ஊர்க்காரர் ஒருவரிடம் சின்ன பாட்டிலில் குந்திரிக்க எண்ணெய் கொடுத்தனுப்பினார். அங்கே மரப்பிசினிலிருந்து வடித்து எடுப்பதாம். மன்னிப்பு எதுவும் கிடையாது. “தேய்ச்சுக்க, மறைஞ்சிரும்” என்றார் போனில். பெரிய மனசு!

புதுக்கோட்டையில் பார்லர் வைத்திருப்பவள் என் பள்ளித்தோழி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி அவளிடம் போவேன். “அப்புடியே தேய்ச்சா எரியும்டி” என்று தேங்காயெண்ணெயில் சில சொட்டு விட்டு, கட்டைவிரலால் நீவிவிடுவாள். தோல் கொஞ்சம் இளகியது, பொய் சொல்லக்கூடாது. கண்ணை மூடினால் கோயில் தூப வாசனை. அந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டு கஞ்சிக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பாவங்களைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடுத்த லீவுக்கு அவர் வருவதற்குள் அம்மா வீட்டுக்குப் போய்விடப்போகிறேன், திரும்பமாட்டேன் என்பதையும் சொன்னேன். சாமியாரிடம் சொன்னது வெளியே போகாது. இவளிடம் சொன்னதும் போகாது என்று நம்பினேன் பாருங்கள், என் புத்தியை என்னவென்று சொல்ல.

போன மாதம் அவர் போன் செய்தார். “நான் வர்றதுக்குள்ள ஆத்தா வீட்டுக்கு ஓடிருவியாமே? டிக்கெட் மாத்திட்டேன். வெள்ளிக்கெழமை வாரேன். நீ எங்க போறேன்னு பாக்குறேன்.”

இதை நான் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தேன்.

மறுநாளே பார்லருக்குப் போனேன். அவள் மறைக்கக்கூட இல்லை. “ஒன் நாத்தனா தலைக்கு டை அடிக்க வந்தாங்கடி. நல்லதுக்குத்தான் சொன்னேன். குடும்பம் ஒடையலாமா? எண்ணெயெல்லாம் அனுப்புறாரு, அவ்வளவு கெட்டவரா?”

கண்ணாடிக்குக் கீழே அதே எண்ணெய், புது பாட்டில், சீல் உடைக்காமல் இருந்தது. என்னுடையது அல்ல. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒன்னு குடுத்துவிட்டாருடி, ஒன் நாத்தனா மூலமா” என்றாள். “வா, உக்காரு. கையைக் குடு.”

முழுக்கைச் சட்டையின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்தேன். அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். டீயை விசிறியடித்தவரை என்றைக்காவது மன்னித்தாலும் மன்னிப்பேன். இவளை மாட்டேன்.